உடைத்த வீட்டின் மரம் விறகா?

நபி (ஸல்) அவர்களுக்கு முப்பத்தைந்து வயதானபோது, அதாவது நபித்துவம் கிடைப்பதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்னர், மக்காவின் குறைஷியர் கஃபாவைப் புதிதாகக் கட்டினார்கள். ஹஜருல் அஸ்வத் கல்லை யார் எடுத்து வைப்பது என்று எழுந்த பிணக்கும், அதை நபியவர்கள் ஒரு துணியை விரித்துத் தீர்த்து வைத்ததும் நாம் எல்லோரும் மத்ரஸாவில் படித்தவை. அதே வரலாற்றில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. அந்தக் கட்டடத்துக்குக் கூரை போட மரம் தேவைப்பட்டது. மக்காவைச் சுற்றிலும் மரம் தரும் காடு கிடையாது. அந்த வேளையில் ரோம வணிகர் ஒருவருடைய கப்பல் ஜித்தாக் கரையில் மோதி உடைந்து கிடந்தது. அதன் பலகைகளை வாங்கி வந்துதான் கூரை போட்டார்கள் என்று இப்னு இஸ்ஹாக் ஸீராவில் எழுதியிருக்கிறார்.

ஒருமுறை பயன்பட்ட மரத்தை இன்னொன்றுக்கு எடுப்பது ஏழைகளின் வேலை என்றோ, தரக்குறைவு என்றோ நினைப்பவர்களுக்கு இந்த ஒரு செய்தியே போதும். உலகில் வேறு உதாரணங்களும் உண்டு. ரெசொலூட் என்ற பிரித்தானியக் கப்பல் வட துருவப் பனியில் சிக்கி 1854இல் கைவிடப்பட்டது. அமெரிக்கர் அதை மீட்டுத் திருப்பிக் கொடுத்தனர். பிறகு அதைப் பிரித்தபோது, அந்த மரத்தில் ஒரு மேசை செய்து 1880இல் விக்டோரியா மகாராணி அமெரிக்க ஜனாதிபதிக்கு அனுப்பி வைத்தார். வெள்ளை மாளிகையில் ஜனாதிபதிகள் பலர் அமர்ந்து கையொப்பமிட்டது அந்த மேசையில்தான். இலண்டனில் லிபர்டி என்ற புகழ்பெற்ற கடையின் 1924ஆம் ஆண்டுக் கட்டடமும் இரண்டு பழைய போர்க் கப்பல்களின் மரத்தால் எழுந்தது.

எங்கள் ஊரில் வீடு உடைக்கும்போது கழற்றும் மரம் பெரும்பாலும் எங்கே போகிறது? செங்கல் சூளைக்கும் அடுப்புக்கும்தான். இது சரியா என்பதைப் பற்றியே இக்கட்டுரையில் எழுத விரும்புகிறேன்.

பழைய மரம் ஏன் நல்ல மரம்?

அமெரிக்காவில் பத்தொன்பதாம் நூற்றாண்டு விவசாயிகள் வைக்கோலும் தானியமும் சேர்த்து வைக்கவும் மாடு கட்டவும் பெரிய பலகைக் கொட்டகைகளைக் கட்டினார்கள். அவற்றுள் பல இன்று பயன்படாமல் சாய்ந்து நிற்கின்றன. அவற்றைப் பிரித்து எடுக்கும் சாம்பல் நிறப் பலகைக்குப் புதிய மரத்தைவிட அதிக விலை கொடுக்கிறார்கள். அழகு மட்டும் அதற்குக் காரணமில்லை. அந்தப் பலகைகளுக்காக வெட்டப்பட்டவை காட்டின் நிழலில் மெதுவாக வளர்ந்த மரங்கள். மெதுவாக வளர்ந்த மரத்தில் ஆண்டு வளையங்கள் நெருக்கமாக இருக்கும். ஊசியிலை மரங்களில் வளையம் நெருங்க நெருங்கப் பலகை கனமாகவும் உறுதியாகவும் இருக்கும். தோட்டத்தில் அவசரமாக வளர்த்து வெட்டும் மரத்தில் வளையங்கள் அகன்று, வைரம் குறைந்து, வெள்ளைப் பகுதி கூடியிருக்கும்.

சில பழைய கொட்டகைகளில் இன்று காட்டில் தேடினாலும் கிடைக்காத மரம்கூட இருக்கிறது. அமெரிக்கச் செஸ்ட்நட் மரத்தைத் தாக்கும் ஒரு பங்கசு நோய் 1904இல் நியூயோர்க் விலங்குக் காட்சிச்சாலையில் முதன்முதலில் கவனிக்கப்பட்டது. அரை நூற்றாண்டுக்குள் அது அந்த நாட்டின் செஸ்ட்நட் காடுகளை ஏறக்குறைய முழுவதுமாக அழித்துவிட்டது. இப்போது அந்த மரத்தில் ஓர் அகன்ற பலகை வேண்டுமானால் பழைய கட்டடங்களில்தான் தேட வேண்டும்.

நம் நாட்டுக்கும் இதைப் போன்ற கதை உண்டு. 1833இல் பேராதனையில் மகாவலி கங்கைக்குக் குறுக்கே ஒரு பாலம் கட்டினார்கள். முழுவதும் முதிரை மரம். ஓர் ஆணியோ இரும்பு முடுக்கியோ இல்லாமல், மரத்தோடு மரத்தைப் பொருத்தி 205 அடி நீளத்தை ஒரே வளைவாகத் தாண்டிய பாலம். 1905இல் அகற்றப்படும்வரை எழுபது ஆண்டுகளுக்கு மேல் அது வண்டிகளைச் சுமந்தது. அத்தகைய முதிரை மரங்களை இன்று எங்கே போய்க் காண்பது? இயற்கைக் காடுகளில் வணிகத்துக்காக மரம் வெட்டுவதை அரசாங்கம் 1990இல் நிறுத்திவிட்டது. அதன் பிறகு நமக்குக் கிடைப்பது வீட்டுத் தோட்ட மரம், நட்டு வளர்த்த தேக்கு, கப்பலில் வரும் மரம் ஆகியவையே. ஆனால் எங்கள் மூத்தவர்கள் கட்டிய வீடுகளில் முதிரை, பாலை, பலா, வேம்பு எல்லாம் நிலையாகவும் வளையாகவும் இன்னும் நிற்கின்றன. அந்தக் காடுகளில் மிஞ்சிய கொஞ்சம் எங்கள் தலைக்கு மேலே கூரையில்தான் இருக்கிறது என்று சொன்னால் தவறில்லை.

எங்கள் பக்கத்து வழக்கம்

கிழக்கிலங்கை முஸ்லிம்களிடம் பெண் பிள்ளைக்கு வீடு கொடுக்கும் வழக்கம் இருப்பது வாசகர்கள் அறிந்ததே. கலியாணத்துக்குப் பின்னர் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். காணி சிறியது, பிள்ளைகள் கூட. ஆகவே ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ ஒரு மகளுக்காகப் பழைய வீடு உடைபடுகிறது. எங்கள் குடும்பத்தில் சென்ற ஆண்டு ராத்தாவுக்காக உம்மம்மாவின் வீட்டை உடைத்தார்கள். அதனால்தான் இந்த விடயம் எனக்கு வெறும் பாடமாக இல்லை.

உடைப்பதற்கு முதல் வாரம் பழைய மரம் வாங்குபவர் ஒருவர் வந்து முற்றத்தில் நின்றபடியே வீட்டைப் பார்த்து, எல்லா மரத்துக்கும் சேர்த்து ஒரு தொகை சொன்னார். அந்தத் தொகை ஒரு புதிய வாசற் கதவின் விலையில் பாதிகூட வராது. வாப்பா இணங்கத்தான் இருந்தார். கலியாணச் செலவு நெருக்கும்போது கையில் வரும் காசு எதுவானாலும் காசுதான். புது வீட்டு வேலைக்கு ஒப்புக்கொண்டிருந்த ஓடாவியார்தான், "விக்கிறதெண்டா எண்ணிப் பார்த்திட்டு வில்லுங்க" என்றார். அந்த எண்ணும் வேலை என்னிடம் வந்தது. ஒரு கொப்பியும் அளவு நாடாவும் எடுத்துக்கொண்டு இரண்டு நாட்கள் வீட்டைச் சுற்றினேன். உள்ளே அறைக்கதவுகள் மூன்று, வாசற் கதவு ஒன்று, இரட்டைப் பலகை யன்னல்கள் ஆறு, அவற்றின் நிலைகள், மண்டபத்தின் குறுக்கே ஒரு தீராந்தி, ஒன்பது வளைகள், கைமரங்கள், சிலாகைகள். எழுதி முடிந்ததும் ஓடாவியார் ஒவ்வொன்றின் பக்கத்திலும் மரத்தின் பெயரைச் சொன்னார். தீராந்தி முதிரை. கதவுகள் பலா. நிலைகள் பாலை. மாமா மட்டும், "விறகுக்குப் போறதை இந்தப் புள்ள கணக்குப் புத்தகத்தில எழுதுது" என்று சிரித்தார். ஆனால் வாப்பா அந்தப் பட்டியலைக் கொண்டு மரக்காலைக்குப் போய் அதே அளவுப் புதிய மரத்துக்கு விலை கேட்டு வந்த பிறகு, விற்பதைப் பற்றி யாரும் பேசவில்லை.

சாம்பல் நிறம் எப்படி வருகிறது?

வெயிலிலும் மழையிலும் கிடந்த மரம் சாம்பல் நிறமாவதைக் கண்டிருப்பீர்கள். வேலிக் கட்டையிலும், கடற்கரையில் ஒதுக்கிய பழைய தோணியிலும் இந்த நிறம் உண்டு. மரம் உக்கிவிட்டது என்று பலர் இதைப் பார்த்து நினைக்கிறார்கள். உண்மையில் நடப்பது வேறு.

மரத்தின் கலச்சுவரில் செலுலோசு நார்கள் இருக்கின்றன. அந்த நார்களை ஒட்டிப் பிடித்திருப்பது இலிக்னின் என்ற சேர்வை. மரத்தின் நிறையில் ஏறக்குறைய கால்பங்கு இதுவே. சூரிய ஒளியின் புறஊதாக் கதிர்களை இலிக்னின் உறிஞ்சி உடைகிறது. உடைந்த துண்டுகள் நீரில் கரையக் கூடியவை; ஆகவே மழை அவற்றைக் கழுவிச் செல்கிறது. எஞ்சும் செலுலோசு நார் வெளிறியது. அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத கரிய பங்கசுகள் படர்வதால் வெள்ளையும் கறுப்பும் கலந்து சாம்பலாகத் தோன்றுகிறது. இந்த மாற்றம் மேற்பரப்பில் மிக மெல்லிய படையில் மட்டுமே நிகழ்கிறது. நூறு ஆண்டுகள் வெளியில் நின்றாலும் ஊசியிலை மரப் பலகை ஒன்று ஏறக்குறைய 6 மில்லிமீற்றர் மட்டுமே தேய்கிறது. வைரமான மரம் அதைவிடக் குறைவாகவே தேயும். மேலே சீவிப் பார்த்தால் உள்ளே மரம் வெட்டிய நாளின் நிறத்தோடு இருக்கும். எங்கள் வீட்டு யன்னற் பலகையின் வெளிப்புறம் சாம்பல். ஓடாவியார் சீவுளியால் ஒருமுறை இழுத்ததும் பொன் மஞ்சளாகப் பலா எழுந்து வந்தது.

ஆகவே நிறத்தைப் பார்த்து மரத்தை ஒதுக்கக் கூடாது. உண்மையில் கெட்டுவிட்டதா என்று அறிய வேறு வழிகள் உண்டு. திருப்புளி முனையால் அழுத்திப் பாருங்கள்; நல்ல மரம் எதிர்க்கும், உக்கியது உள்வாங்கும். சுத்தியலால் தட்டுங்கள், நல்ல மரம் கணீர் என்று ஒலிக்கும், உள்ளே கறையான் தின்றது பொத்தென்று ஒலிக்கும். நுண்ணிய துளைகளும் அவற்றின் கீழே மாப்போன்ற தூளும் இருந்தால் மரத்தில் வண்டு இருக்கிறது. மாப்போல் தூள் உதிர்க்கும் வண்டு பெரும்பாலும் மரத்தின் வெள்ளைப் பகுதியையே தின்னும். அதில்தான் அதற்குத் தேவையான மாப்பொருள் உண்டு. வெள்ளையை அறுத்து நீக்கினால் வைரம் பிழைக்கும். மண்ணையும் ஈரச் சுவரையும் தொட்டு நின்ற முனைகளை முதலில் பாருங்கள். எங்கள் நிலைகள் எல்லாவற்றிலும் கீழ் முனை ஒரு சாண் அளவு போயிருந்தது. மேற்குப் பக்கத்துக் கைமரங்கள் முழுவதும் கறையானுக்கு இரையாகியிருந்தன. அவை விறகுக்குத்தான் போயின. எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாது.

கழற்றும் முறை

வீடு உடைப்பவர்கள் அலவாங்கால் நெம்பியே மரத்தைக் கழற்றுகிறார்கள். அதனால் நிலையின் மூலைகள் பிளந்துவிடுகின்றன. கட்டியபோது எந்த ஒழுங்கில் ஏற்றினார்களோ அதற்கு எதிர் ஒழுங்கில் இறக்குவதே முறை. முதலில் ஓடு, பிறகு சிலாகை, கைமரம், வளை, கடைசியில் தீராந்தி. நிலைகளை விடுவிக்கச் சுவரைத்தான் உடைக்க வேண்டும், மரத்தை அல்ல. இதற்கு ஒரு நாள் கூடுதலாகச் செலவாகும். அந்த ஒரு நாட் கூலியை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் பெரும்பாலான மரம் பாழாகிறது.

எங்கள் நிலைகளைப் பிரித்தபோது ஒரு மூலையில் உளியால் வெட்டிய இரண்டு கோடுகளைக் கண்டேன். எதிர் மூலையில் மூன்று. பழுதென்று நினைத்துக் கேட்டதற்கு, அது பழைய ஓடாவிமாரின் அடையாளம் என்று விளக்கினார். ஒரு மரத்தில் குடைந்த பொளியும் மற்ற மரத்தில் செதுக்கிய கழுந்தும் ஒன்றுக்கொன்று அளந்து வெட்டப்படுபவை. இடம் மாறினால் பொருந்தாது. ஆகவே இரண்டு கோடுள்ள கழுந்து இரண்டு கோடுள்ள பொளிக்கே போக வேண்டும். எழுதத் தெரியாதவரும் வாசிக்கக் கூடிய எழுத்து அது.

இறக்கிய மரத்தில் ஆணி எடுப்பது பொறுமையான வேலை. துருப்பிடித்த ஆணியை நேரே இழுத்தால் தலை மட்டும் கையோடு வரும். கூரிய முனைப் பக்கத்திலிருந்து சுத்தியலால் மெல்லத் தட்டி, தலை சற்று எழும்பியதும் குறட்டால் எடுக்க வேண்டும். குறட்டின் கீழே ஒரு சிறு பலகைத் துண்டை வைத்தால் மரத்தில் வடு விழாது. உள்ளே முறிந்து மறைந்த ஆணிதான் ஆபத்து. ஓடும் இயந்திர வாள் ஓர் ஆணியில் பட்டால் வாளின் பல் தெறிக்கும், கண்ணும் போகலாம். பழைய ஒலிபெருக்கியிலிருந்து எடுத்த காந்தத்தை நூலில் கட்டி மரத்தின்மேல் மெதுவாக நகர்த்தினால், ஆணி உள்ள இடத்தில் காந்தம் சாய்ந்து காட்டும். இந்த வேலையை நானும் தம்பியும் செய்தோம். எடுத்த ஆணிகள் ஒரு பெரிய பால்மா டின் நிறையக் கிடைத்தன.

ஆணி எடுத்த பிறகு மரத்தை நிழலில், காற்றோடும்படி இடையில் குறுக்குக் கம்புகள் வைத்து அடுக்க வேண்டும். "மகள், மரம் செத்தாலும் அசையும்" என்பார் ஓடாவியார். காற்றில் ஈரம் கூடினால் மரம் அகலத்தில் விரியும், வெயிலில் சுருங்கும். பழைய மரம் இப்படிப் பல ஆண்டுகள் அசைந்து ஓய்ந்திருப்பதால் புதிய மரத்தைப் போல வளைந்து முறுகாது. என்றாலும் மழையில் நனைந்ததை உடனே பொருத்தக் கூடாது. உலர்ந்துவிட்டதா என்று அறிய ஓர் எளிய வழி தராசு. ஒரே துண்டை வாரத்துக்கு ஒருமுறை நிறுத்துக் குறித்து வாருங்கள். நிறை குறைவது நின்றால் மரம் அந்த இடத்தின் காற்றோடு சமநிலைக்கு வந்துவிட்டது என்று பொருள்.

கவனிக்க வேண்டிய ஆபத்துகள்

இந்தப் பகுதியைத் தயவுசெய்து உங்கள் வீட்டாருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

பழைய கதவு, யன்னல்களில் பூசிய நிறப்பூச்சில் ஈயம் இருக்கலாம். நிறம் பிரகாசமாகவும் நீடித்தும் இருக்க முன்னைய காலத்தில் ஈயச் சேர்வைகளைச் சேர்த்தார்கள். இலங்கையில் இதற்குச் சட்ட வரம்பு வந்தது இந்த நூற்றாண்டில்தான். ஈயம் உடலில் சேர்ந்தால் சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். தீங்கற்ற அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆகவே பழைய பூச்சை உலர்ந்த நிலையில் அரத்தாளால் தேய்க்கக் கூடாது. தண்ணீரால் நனைத்துச் சுரண்டி, சுரண்டியதைச் சாக்கில் சேர்த்துக் கட்ட வேண்டும். பூசிய மரத்தை ஒருபோதும் அடுப்பில் வைக்காதீர்கள். பூச்சு எரிந்தாலும் ஈயம் அழியாது. புகையிலும் சாம்பலிலும் தங்கும். அந்தச் சாம்பலால் சட்டி பானை துலக்குபவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். எங்கள் குசினிக்கு ஒதுக்கியிருந்த யன்னற் சட்டங்களை உம்மா வெளியே எடுத்து வைத்தது இதைக் கேட்ட பிறகுதான்.

ரயில் பாதையிலிருந்து கழித்த சிலிப்பர் கட்டைகள் வைரமானவை. ஆனால் பலவற்றுக்குக் கிரியோசோட் என்ற தார் எண்ணெய் ஊட்டியிருப்பார்கள். அதில் புற்றுநோய் விளைவிக்கும் சேர்வைகள் உள்ளன. கறுத்து, தார் மணம் வீசும் கட்டையை வீட்டுக்குள் மேசையாகவோ கட்டிலாகவோ செய்ய வேண்டாம். துறைமுகத்திலிருந்து வரும் பொதித் தட்டுகளில் கோதுமைக் கதிர் அடையாளத்தோடு எழுத்துக்கள் பொறித்திருக்கும். எச்.ரி. என்றால் நடுப்பகுதிவரை 56 பாகை செல்சியசில் முப்பது நிமிடம் சூடாக்கியது, அதைப் பயன்படுத்தலாம். எம்.பி. என்றால் மீதைல் புரோமைட்டு என்ற நச்சு வாயு ஏற்றியது, அதைத் தவிருங்கள். முதிரையை அறுக்கும்போது அதன் தூள் சிலருக்குத் தோலில் கடியும் தடிப்பும் உண்டாக்கும். எந்த மரமானாலும் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டே அறுக்க வேண்டும்.

புதிய மரத்தைப் பழையதாக்குவது

பழைய மரம் போதாமல் போகும்போது அதன் பக்கத்தில் வைக்கும் புதிய துண்டுக்கு அதே நிறம் தேவைப்படும். இதற்குச் சமையலறையில் உள்ள பொருட்களே போதும். இரசாயனவியல் படிக்கும் தோழியருக்கு இது பிடிக்கும்.

பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரைச் சவர்க்காரத்தில் கழுவி எண்ணெய்ப் பசையைப் போக்குங்கள். கண்ணாடிப் போத்தலில் இட்டு வினாகிரி ஊற்றி இரண்டு மூன்று நாட்கள் வையுங்கள். வினாகிரியிலுள்ள அசற்றிக்கமிலம் இரும்போடு தாக்கமடைந்து இரும்பு அசற்றேற்றுக் கரைசலையும் ஐதரசன் வாயுவையும் தருகிறது. வாயு வெளியேற வேண்டும் என்பதால் மூடியை இறுக்கக் கூடாது. அருகில் நெருப்பும் கூடாது. பிறகு கடும் சாயத் தேநீர் காய்ச்சி ஆறவிட்டு மரத்தில் பூசி உலர்த்துங்கள். தேநீரிலுள்ள தனின் மரத்தில் ஊறும். அதன்மேல் வடித்த வினாகிரிக் கரைசலைப் பூசினால், சில நிமிடங்களில் இரும்பும் தனினும் சேர்ந்து, காற்றிலுள்ள ஒட்சிசனால் கருஞ்சாம்பல் நிறம் பெறும். முன்னாளில் ஐரோப்பாவிலும் அரபு நாடுகளிலும் மாசிக்காயையும் இரும்பு உப்பையும் சேர்த்துச் செய்த எழுத்து மை இதே தாக்கத்தால் உண்டானதே. கையெழுத்துக் கிதாபுகள் பலவற்றில் நாம் காணும் கறுப்பும் இதன் உறவுதான். மரத்துக்கு மரம் தனின் அளவு வேறுபடுவதால் முதலில் ஒரு கழிவுத் துண்டில் பூசிப் பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு மார்க்க விடயமும் இருக்கிறது. சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, அடியில் ஈரம் மறைக்கப்பட்டிருப்பதைக் கண்ட நபியவர்கள் அந்த வியாபாரியைக் கண்டித்தார்கள் என்று ஸஹீஹ் முஸ்லிமில் வரும் ஹதீஸை நாம் அறிவோம். புதிய மரத்துக்குத் தேநீரும் வினாகிரியும் பூசி, நூறு வருடக் கதவு என்று விற்பதும் அந்த ஈரத் தானியத்தைப் போன்றதே. நம் வீட்டு அழகுக்குப் பூசலாம். விற்பதானால் சொல்லி விற்க வேண்டும்.

செய்து முடிந்தவை

ராத்தாவின் வீட்டு வாசற் கதவும் இரண்டு அறைக்கதவுகளும் உம்மம்மாவின் பலாக் கதவுகள்தான். நிலைகளின் உக்கிய முனையை வெட்டி, அதே பாலை மரத்தில் துண்டு இணைத்தார்கள். இரும்பு முடுக்கி போடாமல் பொளியும் கழுந்துமாகவே இணைத்ததால் இணைப்பு கண்ணுக்குத் தெரியவில்லை. யன்னற் பலகைகளின் பூச்சை நீக்கி, உட்புறத்தையும் விளிம்பையும் மட்டும் சீவி, சாம்பல் நிறமான முகப்பை அப்படியே விட்டுப் புத்தக அலுமாரி செய்தோம். அதன் முகப்பில் தூரிகையால் தூசி தட்டியதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. தேய்த்தால் அந்த நிறம் போய்விடும். மற்றவற்றுக்கு ஆளிவிதை எண்ணெய் பூசினோம். அந்த எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போடக் கூடாது; உலரும்போது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிட்டே எறிய வேண்டும்.

தீராந்தியில் மிஞ்சிய துண்டில், குர்ஆன் ஓதும்போது வைக்கும் மடிப்புத் தாங்கி ஒன்றை நான் செய்தேன். அது ஒரே பலகை. நடுவில் விரல் கோத்ததுபோலப் பிணைச்சலைக் குடைந்து, இரு முனைகளிலிருந்தும் தடிப்பின் நடுவே வாளால் பிளந்து வந்து பிணைச்சலில் நிறுத்த வேண்டும். ஆணியோ பசையோ இல்லாமல் இரண்டாக விரியும். முதிரை வைரம் என்பதால் எனக்குப் பதினொரு நாட்கள் எடுத்தன. "பொம்புளப் புள்ளைக்கு உளி எதுக்கு?" என்று கேட்ட மாமா இப்போது தன் வீட்டுக்கும் ஒன்று கேட்கிறார். உம்மம்மா அதை அஸர் தொழுகைக்குப் பிறகு விரித்து வைக்கிறா. ஓதி முடித்ததும் ஒருமுறை தடவிவிட்டுத்தான் மடிக்கிறா.

தோழியரே, உங்கள் வீடுகளிலும் நாளை ஒரு சுவர் இடிபடலாம். லொறி வருவதற்கு முதல் நாள் ஒரு கொப்பியும் அளவு நாடாவும் எடுங்கள். கதவு எத்தனை, நிலை எத்தனை, எது என்ன மரம் என்று எழுதுங்கள். தெரியாத மரத்தின் பெயரை ஊரில் உள்ள வயதான ஓடாவி ஒருவரிடம் கேளுங்கள். அவர்களும் இப்போது குறைந்து வருகிறார்கள். நாங்கள் இருக்கும் வீடு எனக்கென்று பேசியிருக்கிறார்கள். அது உடைபடும் நாள் எப்போதோ தெரியாது. அதன் மரப் பட்டியலை நான் இப்போதே எழுதி அலுமாரியில் வைத்திருக்கிறேன்.